கடமையைக் கேட்கலாம், வணக்கத்தைக் கேட்கலாகாது!

மதவுரிமை என்பது கோவில் வாயிலில் நின்று அளக்கப்படுவதன்று. விரும்பிய கோவிலுக்குள் நுழையவும், விரும்பாத கோவிலை விட்டு விலகி நடக்கவும் தெருவில் போகும் எவர்க்கும் வழியிருக்கின்றது. தெருவில் நடப்பவன் தன் கால்களுக்குத் தானே தலைவன். அவ்வுரிமை ஒரு நாட்டில் உண்மையாகவே இருக்கின்றதா, ஏட்டில் மட்டும் இருக்கின்றதா என்று அளந்து பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. மாந்தன் தான் நினைத்த நொடியில் எழுந்து வெளியேற முடியாத இடங்கள் அவை. படைவீட்டில் நிற்கும் மறவன் எழுந்து போக முடியாது. வகுப்பறையில் இருக்கும் பிள்ளை எழுந்து போக முடியாது. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் எழுந்து போக முடியாது. இம் மூன்றிடங்களிலும் ஆணையிடும் கை ஒன்று மேலே இருக்கின்றது. அந்தக் கை எதுவரை நீளலாம், எங்கே வந்ததும் நின்றுவிட வேண்டும் என்பதே வினா.

இவ் வினாவை அண்மையில் எழுப்பியது இந்தியப் படையிலேயே நிகழ்ந்த ஒரு செய்தி. 2017-இல் குதிரைப்படை மரபில் வந்த ஓர் ஆயத்தில் அலுவலராகச் சேர்ந்த கிறித்தவர் ஒருவர் 2021-இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அவர்க்கு இல்லை என்றாயிற்று. அவர் போர்முனையை விட்டு ஓடினாரல்லர். பகைவர்க்கு மறை செய்தி விற்றாருமல்லர். கிழமைதோறும் நடக்கும் மத அணிவகுப்பில் தம் கீழுள்ள சீக்கிய மறவரோடு தாமும் செல்வதாகவும், கோவிலின் வெளியிடத்தில் மதிப்போடு நிற்பதாகவும், பூசனை நடக்கும் உள்ளிடத்துக்குள் நுழைவதிலிருந்து மட்டும் தம்மை விலக்கிவிடுமாறும் அவர் கேட்டார். ஆயத்தில் கோவிலும் குருத்துவாராவும் மட்டுமே உள்ளன, எல்லா மதத்தார்க்கும் பொதுவான வழிபாட்டிடம் இல்லை என்பதும் அவர் முறையீடு. 2025 மே 30-இல் தில்லி உயர் முறைமன்றம் நீக்கம் சரியென்றது. அவ்வாண்டு நவம்பர் 25-இல் உச்ச முறைமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

எதிர்த்தரப்பின் சொல்லையும் நேர்மையாக எடுத்து வைத்தல் வேண்டும். படை என்பது அறிவரங்கமன்று. ஆணையும் கீழ்ப்படிதலும் ஒருசேர இயங்கவில்லையென்றால் படை கூட்டமாகிவிடும். தம் மறவர் வணங்கும் இடத்தில் தாமும் உடன்நிற்கும் தலைவர்மீதே அவர்கள் உயிரை நம்பி வைப்பர் என்று படைத்துறை வழக்காடியது. அரசியலமைப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, படையினர்க்குரிய அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தருகின்றது. அவருடைய மதத்தைச் சேர்ந்த ஆயர் ஒருவரே, உள்ளே செல்வதில் தவறில்லை என்று அவர்க்கு எடுத்துச் சொன்னதாகவும் முறைமன்றத்தில் கூறப்பட்டது. இவற்றுள் எதுவும் புறந்தள்ளத் தக்கதன்று.

ஆயினும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. அவரிடம் கேட்கப்பட்டது கடமையா, வணக்கமா? 'குன்றின்மேல் ஏறு' என்பது ஆணை. 'பகைவனைத் தடு' என்பது ஆணை. 'உன் மறவனோடு ஒரே தட்டில் உண்' என்பதும் ஆணையே; அதை மறுப்பவன் படைக்கு உதவான். 'பூசனை நடக்குமிடத்தில் நின்று கைகூப்பு' என்பது இவற்றோடு சேருமா? கடமை உடம்பால் செய்யப்படுவது. செய்தானா, இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கலாம். வணக்கமோ உள்ளத்தால் செய்யப்படுவது. உள்ளம் இல்லாத இடத்தில் கையை மட்டும் கூப்பச் செய்தால் கிடைப்பது வணக்கமன்று, நடிப்பு. நடிக்கத் தெரிந்த தலைவன்மீது மறவர் எவ்வாறு உயிரை நம்பி வைப்பர்?

இதே படைதான் சீக்கிய மறவரின் மயிரையும் தாடியையும் தலைப்பாகையையும் மதித்து ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அதனால் படை சிதைந்துவிடவில்லை. அவர்களின் தலைப்பாகையே படையின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. ஒருவர் தலைப்பாகைக்கு வளைந்து கொடுக்க முடிந்த ஒழுங்கு, இன்னொருவர் வாயிற்படியிலேயே நிற்பதற்கு வளைந்து கொடுத்தால் ஒடிந்துவிடும் என்பது எவ்வகை வழக்கு?

உளச்சான்றுக்கு இடங்கொடுத்த படை எதை இழக்கும், எதைப் பெறும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்த தெசுமண்டு தோசு என்னும் இளைஞர் வர்சீனியா மாநிலத்தவர். ஏழாம் நாள் திருவரவுச் சவையைச் சேர்ந்தவர். கொலை செய்யாதே என்னும் கட்டளையை அவர் சொல்லுக்குச் சொல் ஏற்றவர். படைக்கலத்தைத் தொடமாட்டேன் என்றார். தம் ஓய்வுநாளாகிய காரிக்கிழமையில் (சனி) பயிற்சிக்கு வரமாட்டேன் என்றார். உடனிருந்தோர் அவரைக் கோழையென்று இகழ்ந்தனர். மேலலுவலர் சிலர் அவரைப் படையிலிருந்தே விலக்க முயன்றனர். ஆனால் அவர் போரை மறுத்தாரல்லர். கொல்வதை மட்டுமே மறுத்தார். மருத்துவ உதவியாளராகவே களம் புகுந்தார். 1945 மே மாதத்தில் சப்பானின் ஒக்கினாவாத் தீவில், செங்குத்தான ஒரு மலைமுகட்டின்மேல் அவருடைய படைப்பிரிவு அடிபட்டுப் பின்வாங்கியபொழுது, அவர் பின்வாங்கவில்லை. குண்டுமழையின் நடுவே புண்பட்டுக் கிடந்தவர்களை ஒருவர்பின் ஒருவராக இழுத்து வந்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். ஏறத்தாழ எழுபத்தைந்து உயிர்கள்! அவ்வாண்டு அக்குதோபர் 12-இல் குடியரசுத் தலைவர் துரூமன் அந்நாட்டின் மிக உயர்ந்த மறப்பதக்கத்தை அவர்க்கு அணிவித்தார். படைக்கலம் ஏந்த மறுத்து அப் பதக்கம் பெற்ற முதல் மறவர் அவரே. அவரைக் கோழையென்றவர் சிலரும் அவர் இறக்கிய கயிற்றால் உயிர் பிழைத்தவர்களே.

அதே அமெரிக்கா பிறிதோரிடத்தில் தவறவும் செய்தது. அந் நாட்டு வானூர்திப் படையின் மருத்துவமனையில் உளநல வல்லுநராகப் பணியாற்றிய யூத அலுவலர் ஒருவர், தம் மதவழக்கப்படி தலையில் சிறு தொப்பி அணிந்திருந்தார். சீருடைக்குப் பொருந்தாதென்று அதைக் கழற்றச் சொன்னார்கள். 1986 மார்ச்சில் அந் நாட்டு உச்ச முறைமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில் படைத்துறைக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் செய்தி அத்தோடு முடியவில்லை. முறைமன்றம் தர மறுத்ததை மக்கள் பேராளர்கள் தந்தனர். துப்புரவும் அடக்கமும் உடைய மதவணிகளைச் சீருடையோடு அணியலாம் என்று 1987-இல் சட்டமே இயற்றப்பட்டது. முறைமன்றம் கதவை மூடினாலும் சட்டமன்றம் திறக்கலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 33-ஆம் பிரிவு இந்திய நாடாளுமன்றத்துக்கு உரிமையைக் குறைக்க இடந்தருகின்றதே தவிர, குறைத்தே ஆக வேண்டுமென்று கட்டளையிடவில்லை.

படைவீட்டை விட்டு வகுப்பறைக்கு வருவோர், அங்கும் இதே வினா காத்திருப்பதைக் காண்பர். 1985 சூலையில் கேரளத்துப் பள்ளியொன்றில் பயின்ற உடன்பிறப்புகள் மூவர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் யெகோவாவின் சான்றாளர் (சாட்சிகள்) என்னும் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். நாட்டுப்பண் பாடப்படும்பொழுது அவர்கள் நாள்தோறும் எழுந்து நின்றனர், மதிப்போடு நின்றனர், ஆனால் வாய்திறந்து பாடவில்லை. தம் இறைவனையன்றிப் பிறிதொன்றைப் போற்றிப் பாடுதல் தம் பற்றுறுதிக்கு மாறானது என்பது அவர்கள் கொள்கை. பிள்ளைகள் நல்லொழுக்கமுடையவர்கள், நாட்டுப்பண்ணை இழிவு செய்தவர்களல்லர் என்று உசாவல் குழுவே கூறியும், மேலிடத்து ஆணையால் பள்ளி அவர்களை வெளியேற்றியது. கேரள உயர் முறைமன்றமும் கைவிட்டது.

1986 ஆகசுட்டு 11-இல் உச்ச முறைமன்றத்தின் நடுவர்கள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் அப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டனர். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டுமென்று எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. எழுந்து நிற்பதே உரிய மதிப்பு. பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்று அத் தீர்ப்பு நிறுவியது. அதைவிட ஆழமான இன்னொன்றையும் அது சொன்னது. ஒரு கொள்கை நடுவரின் அறிவுக்குப் பொருந்துகின்றதா என்பது வினாவன்று. அக் கொள்கையை அம் மாந்தர் உண்மையாகவே, உளச்சான்றோடு பற்றி நிற்கின்றனரா என்பதே வினா. அவ்வாறாயின் அதற்குக் காப்புண்டு.

பிற்காலத் தீர்ப்புகள் இவ் வழியை விட்டு விலகியிருத்தலைக் கருதுக. 2016 திசம்பரில், தாடி வளர்க்க ஒப்புதல் கேட்ட முகம்மதிய வானூர்திப் படையினர் ஒருவர் வழக்கில், அவர் மதம் தாடியை மழிக்கக் கூடாதென்று கட்டாயப்படுத்துகின்றதா என்று ஆராயப்பட்டது. கிறித்தவ அலுவலர் வழக்கிலும் அவருடைய மறைநூல் உண்மையில் என்ன சொல்கின்றது, அவருடைய ஆயர் என்ன சொன்னார் என்பன பேசப்பட்டன. முறைமன்றம் மறைநூலுக்கு உரையெழுதப் புகுந்தால், ஒவ்வொருவர் உளச்சான்றும் அவரவர் மதகுருவின் கையில் ஒப்படைக்கப்பட்டுவிடும். குருமாரிடமிருந்து மாந்தனை மீட்க எழுந்த உரிமையே அவனைக் குருமாரிடம் திருப்பி அனுப்புவதாக முடியும்!

வகுப்பறைச் சிக்கலும் இந்தியாவுக்கே உரியதன்று. இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்ததற்காக அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். 1940-இல் அந் நாட்டு உச்ச முறைமன்றம் எண்மர்க்கு ஒருவர் என்ற அளவில் பள்ளிகளுக்கே சார்பாகத் தீர்த்தது. விளைவு என்ன? தீர்ப்பைக் கேட்ட கும்பல்கள் பல ஊர்களில் அம் மக்களை அடித்துத் துன்புறுத்தின. மூன்றே ஆண்டுகளில், 1943 சூன் 14-இல், போர் கடுமையாக நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, அம் முறைமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. கட்டாயத்தால் விளையும் ஒற்றுமை ஒற்றுமையன்று என்பதை அது கண்டுகொண்டது. போர்க்காலத்தில் ஒரு நாடு துணிந்து தந்த உரிமையை அமைதிக்காலத்தில் இன்னொரு நாடு தர அஞ்சுவது ஏன்?

இனி மருத்துவமனை. இங்கே செய்தி முன்னிரண்டைக் காட்டிலும் கடினமானது. படையிலும் பள்ளியிலும் உளச்சான்றின் சுமையை அதை உடையவரே சுமக்கின்றார். மருத்துவமனையிலோ ஒருவர் உளச்சான்றின் சுமை மற்றொருவர் உயிர்மீது விழக்கூடும். ஆதலின் இங்கே இரண்டாவது அளவுகோல் ஒன்று தேவைப்படுகின்றது.

மேற்சொன்ன பிரிவினர் பிறர் குருதியைத் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். தெளிந்த அறிவுடைய வளர்ந்தவர் ஒருவர் அவ்வாறு மறுத்தால், மருத்துவர் அதை மதித்தல் வேண்டும். கனடாவின் ஒன்றாரியோ மாநிலத்தில், குருதி ஏற்ற வேண்டாவென்று எழுதிய சீட்டைத் தம்மிடம் வைத்திருந்த பெண்ணொருவர்க்கு, நேர்ச்சியில் நினைவிழந்து கிடந்தபொழுது மருத்துவர் குருதி ஏற்றினார். உயிரைக் காக்கவே ஏற்றினார். எனினும் 1990-இல் அம் மாநில மேல்முறையீட்டு மன்றம் அப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்கியது சரியென்றது. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. ஆனால் அதே பெற்றோர் தம் கைக்குழந்தைக்குக் குருதி வேண்டாவென்றால்? பல நாட்டு முறைமன்றங்கள் பெற்றோரின் மறுப்பை மீறிக் குழந்தைக்குக் குருதி ஏற்ற ஆணையிட்டுள்ளன. அதுவே அறம். தன் கொள்கைக்காகத் தான் இறக்க ஒருவர்க்கு உரிமையுண்டு. பேசவறியாத குழந்தையை இறக்கச் செய்ய எவர்க்கும் உரிமையில்லை.

மருத்துவரும் செவிலியரும் உளச்சான்று உடையவர்களே. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், உளச்சான்று இடங்கொடாதவர் அம் மருத்துவத்தில் பங்கேற்க வேண்டியதில்லை என்று விலக்களித்தது. ஆனால் தாயின் உயிரைக் காக்கவோ, நிலையான கடுந்தீங்கைத் தடுக்கவோ அது தேவைப்படும்பொழுது, அவ் விலக்கு எவரையும் கடமையிலிருந்து விடுவிக்காது என்றும் சேர்த்தே எழுதி வைத்தது. உளச்சான்றுக்கு இடமும், உயிருக்குக் காப்பும் ஒரே சட்டத்தில் அமைய முடியும் என்பதற்கு இஃது அடையாளம்.

அவ்வாறு அமையாத இடத்தில் என்ன நேரும் என்பதை அயர்லாந்து காட்டியது. கருநாடகத்தில் பிறந்து அயர்லாந்தில் பல் மருத்துவராக வாழ்ந்த சவிதா அலப்பனவர், 2012 அக்குதோபரில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அகவை முப்பத்தொன்று, கரு பதினேழு கிழமை. கரு நிலைக்காதென்பது தெரிந்துவிட்டது. அதை அகற்றிவிடுமாறு அவரும் அவர் கணவரும் கேட்டனர். கருவின் நெஞ்சத் துடிப்பு நிற்கவில்லை. ஆதலின் சட்டம் இடந்தராதென்று மறுத்துவிட்டனர். இது கத்தோலிக்க நாடு என்ற சொல்லையும் அக் கட்டிலருகே அவர் கேட்க நேர்ந்தது. அக்குதோபர் 28-இல் குருதி நச்சுற்று அவர் இறந்தார். மருத்துவக் கவனிப்பிலும் பிழைகள் இருந்தனவென்பது பின்னர் உசாவலில் வெளிப்பட்டது. ஆயினும் அந் நாட்டு மக்களின் நெஞ்சைச் சுட்டது அந்த ஒரு சொல்தான். 2018 மே மாதத்து நாடளாவிய வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர், 1983-இல் அரசியலமைப்பில் புகுத்தப்பட்ட அத் தடையை நீக்க வாக்களித்தனர். அவர்களுள் மிகப் பலர் கத்தோலிக்கரே. தம் மதத்தை விட்டுவிட்டு அவர்கள் வாக்களிக்கவில்லை; தம் மதம் பிறர் உடம்பின்மேல் சட்டமாக ஏறி உட்காருவதையே மறுத்தனர்.

ஆகவே அளவுகோல் இரண்டாகின்றன. ஒன்று: அரசு கடமையைக் கேட்கலாம், வணக்கத்தைக் கேட்கலாகாது. மற்றொன்று: உளச்சான்றின் சுமையை அதை உடையவரே சுமக்க வேண்டும், பிறர் தலையில் இறக்கலாகாது. தெசுமண்டு தோசு தம் கொள்கையின் சுமையைத் தாமே சுமந்து குண்டுமழையில் நின்றார். கால்வேயிலோ ஒரு மதத்தின் சுமையை அம் மதத்தவரல்லாத பெண்ணொருவர் தம் உயிரால் சுமந்தார். முன்னது மதவுரிமை, பின்னது மதவல்லாண்மை.

இவ்வுரிமை இறைப்பற்றாளர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. 1880-இல் இங்கிலாந்தின் நார்த்தாம்புடன் தொகுதி மக்கள் சார்லசு பிராட்லா என்னும் இறைமறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். கடவுள்மீது ஆணையிட மறுத்து உறுதிமொழி மட்டும் கூற அவர் முன்வந்தமையால் நாடாளுமன்றம் அவரை உள்ளே விடவில்லை. மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1886-இல்தான் அவர் இருக்கையில் அமர முடிந்தது. 1888-இல் உறுதிமொழிக்கு இடந்தரும் சட்டம் பிறந்தது. அவர் குரல் சென்னைக்கும் எட்டியது. 1880-களில் 'தத்துவ விவேசினி' இதழை நடத்திய சென்னை அறிவியக்கத்தார் அவர்தம் இயக்கத்தோடு உறவு கொண்டவர்களே. இன்று தமிழ்நாட்டு அமைச்சர்கள் 'உளமார உறுதி கூறுகின்றேன்' என்று சொல்லிப் பொறுப்பேற்க அரசியலமைப்புச் சட்டமே வழிவைத்திருக்கின்றது. அச் சிறு சொற்றொடர்க்குப் பின்னால் இத்தகைய போராட்டங்களின் நெடிய வரலாறு இருக்கின்றது.

இவ்வளவும் கேட்டுத் தலையசைக்கும் தமிழன்பர் ஒருவர், தம்மை நோக்கியும் இதே அளவுகோலைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். 2018 சனவரியில் சென்னை விழா ஒன்றில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்பட்டபொழுது மடத்துத் துறவி ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தார். தமிழ்நாடு கொதித்தது. சினம் நேர்மையானது. வாழ்த்துக்கு எழுவதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லையென்று 2021 திசம்பரில் சென்னை உயர் முறைமன்றம் கூற, அதே மாதத்தில் தமிழ்நாட்டரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டுமென்று ஆணையிட்டது. எழுந்து நிற்கக் கேட்பது மதிப்பைக் கேட்பது, அதில் தவறில்லை. ஆனால் நாளை ஒரு பள்ளியில், ஒரு சிறு பிள்ளை மதிப்போடு எழுந்து நின்று, 'அன்னையாகவும் தெய்வமாகவும் மொழியைப் போற்றிப் பாட என் மறை இடங்கொடாது' என்று வாய்மூடி நின்றால் என் செய்வது? அப் பிள்ளையை வெளியேற்றச் சொல்லிக் குரல் எழுப்புபவர், படை அலுவலரை வெளியேற்றிய தில்லியைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுகின்றார். பிறர் தெய்வத்தைத் தன்மேல் சுமத்துவதை வெறுப்பவன், தன் தெய்வத்தைப் பிறர்மேல் சுமத்தலாகாது. தமிழ் எவர் வாயிலும் திணிக்கப்பட வேண்டிய அளவுக்கு எளிமையுற்ற மொழியன்று. திணிப்பை எதிர்த்து உயிர்நீத்தோரைப் பெற்ற மொழி அது!

எனவே செய்யத்தக்கவை தெளிவாகவே உள்ளன. படைவீடுகளில் எல்லா மதத்தார்க்கும், எம்மதமும் சாராதவர்க்கும் பொதுவான ஓரிடம் அமைதல் வேண்டும். மத அணிவகுப்பில் உடன் நிற்றல் கடமையாகலாம். பூசனையில் பங்கேற்றல் அவரவர் உளச்சான்றுக்கு விடப்படல் வேண்டும். இதை நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதலாம். மருத்துவமனைகளில் உளச்சான்றின்படி விலகும் உரிமையும், உயிர்காக்கும் கடமையும் ஒருங்கே எழுதப்படல் வேண்டும். பள்ளிகளில் 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைமேலும் இருத்தல் வேண்டும்.

வலிமையான அரசு என்பது எல்லாரையும் ஒரே வாயிற்படிக்குள் தள்ளும் அரசன்று. ஒருவன் படியின்மேல் நின்றுவிட்டாலும், அவன் தன் மறவரோடு களத்தில் நிற்பான் என்று நம்பத் தெரிந்த அரசே வலிமையானது. ஒக்கினாவா மலைமுகட்டில் கயிறு இறக்கிய கை படைக்கலம் ஏந்தாத கை. அக் கையை அன்று வெளியேற்றியிருந்தால், எழுபத்தைந்து தாய்மார் தம் மக்களை இழந்திருப்பர். கடமையை உடம்பிடம் கேளுங்கள், அது தரும். வணக்கத்தை உள்ளமே தன் விருப்பால் தரட்டும். அதை ஆணையிட்டுப் பெற எந்தப் படைக்கும், எந்தப் பள்ளிக்கும், எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை!